குழந்தை தானாக நிற்பது எப்படி: சமநிலை எதிர்வினைகள் வளரும் வரிசையும் வீட்டில் செய்ய வேண்டியவையும்

ஒட்டடைக் கம்பை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள். கையை அங்கும் இங்கும் நகர்த்திச் சில விநாடி தாக்குப்பிடித்துவிடலாம். அதே கையில் ஒரு பென்சிலை நிறுத்திப் பாருங்கள், நடக்காது. நீளமான பொருள் நிதானமாகச் சாய்கிறது, குட்டையானது சட்டென்று சாய்ந்துவிடுகிறது. எழுபத்தைந்து சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு வயதுக் குழந்தை அந்தப் பென்சிலுக்குப் பக்கத்துச் சொந்தம். போதாக்குறைக்குத் தலை கனம் வேறு. பிறக்கும்போது உடல் நீளத்தில் நாலில் ஒரு பங்கு தலைதான், பெரியவருக்கு அது எட்டில் ஒரு பங்கு அளவே. பெரியவரின் எடை மையம் தொப்புளுக்குக் கீழே இருக்கிறது, கைக்குழந்தைக்கு நெஞ்சுக்கூட்டின் அடிவிளிம்புப் பக்கம். இத்தனையையும் தாங்க வேண்டிய பாதத்தின் நீளமோ 12 செ.மீ. கூட இருக்காது.

ஆக, சாயத் தொடங்கிய பிறகு திருத்திக்கொள்ளப் பெரியவருக்குக் கிடைக்கும் அவகாசம் குழந்தைக்குக் கிடையாது. இருந்தும் நிற்கக் கற்றுவிடுகிறது. சாய்வதை உணர்ந்து, சரியான தசையைச் சரியான நேரத்தில் இறுக்கி, உடலை மறுபடி பாதத்தின் மேல் கொண்டுவந்து நிறுத்தும் இந்த வேலைக்குத்தான் சமநிலை எதிர்வினை என்று பெயர். நாமும் நிற்கும்போது ஆடிக்கொண்டேதான் இருக்கிறோம். ஆட்டம் சிறியது, திருத்தம் வேகமானது, அதனால் தெரிவதில்லை.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே விதியைச் சுற்றி வருகிறது: குழந்தையைப் பிடிக்கும் உங்கள் கை மாதாமாதம் கீழே இறங்க வேண்டும். நெஞ்சில் தொடங்கி, விலாவுக்கு, இடுப்புக்கு, தொடைக்கு, பிறகு எங்குமே இல்லை. கை எந்த இடத்தில் பிடித்திருக்கிறதோ அதற்குக் கீழே உள்ளதை நீங்கள் தாங்குகிறீர்கள், அதற்கு மேலே உள்ளதைக் குழந்தை பார்த்துக்கொள்கிறது. அக்குளில் பிடித்து நிற்கவைத்தால் குழந்தைக்கு மிஞ்சுவது தலையைத் தாங்கும் வேலை மட்டும்.

எதிர்வினைகள் வரும் வரிசை

முதலில் வருவது நிமிர்வு எதிர்வினை. உடல் எப்படிச் சாய்ந்தாலும் தலை நேராக இருக்கப் பார்க்கும். குப்புறப் படுத்த குழந்தை தலையைத் தூக்குவதில் ஆரம்பித்து, ஐந்து ஆறு மாதத்துக்குள் எந்தப் பக்கம் சாய்த்தாலும் தலையை நேராக்கிக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்துவிடும். பிள்ளைத்தமிழில் செங்கீரைப் பருவம் என்று ஐந்தாம் மாதத்தைச் சொல்வார்கள்: இரு கையையும் ஊன்றி, ஒரு காலை மடக்கி மறுகாலை நீட்டி, தலையை நிமிர்த்தி ஆடுவது. குழந்தையைக் கூர்ந்து பார்த்தவர்கள்தான் அப்படிப் பெயர் வைத்திருக்க முடியும்.

அடுத்தது காப்பு எதிர்வினை, அதாவது விழப்போகும் பக்கம் கையை நீட்டி ஊன்றுவது. இதற்குத் திசை வரிசை உண்டு. முன்பக்கம் ஊன்றுவது சுமார் 6, 7 மாதத்தில், பக்கவாட்டில் 7, 8 மாதத்தில், பின்பக்கம் 9, 10 மாதத்தில் வரும். உட்கார்ந்த குழந்தைக்குப் பின்னால்தான் தலையணை வைக்க வேண்டும் என்று பாட்டிகள் சொல்வது இதனால்தான் சரி. முன்னால் விழுந்தால் கை காப்பாற்றும், பின்னால் விழுந்தால் காப்பாற்ற இன்னும் யாரும் வரவில்லை.

கடைசியில் வருவது முழுச் சமநிலை எதிர்வினை. இது ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனியாக வருகிறது: குப்புறப் படுத்த நிலையில் 5, 6 மாதம், உட்கார்ந்த நிலையில் 7, 8 மாதம், தவழும் நிலையில் 9 முதல் 12 மாதம், நின்ற நிலையில் 12 முதல் 21 மாதம் வரை. கவனியுங்கள், ஒரு நிலையில் முதிரும்போது குழந்தை ஏற்கனவே அடுத்த நிலைக்குத் தாவியிருக்கும். நிற்கத் தொடங்கிய குழந்தைக்கு நிற்பதற்கான எதிர்வினை இன்னும் பாதிகூட வந்திருக்காது. நிற்க நிற்கத்தான் அது வரும்.

நடைமுறையில் இதற்கு ஒரு முக்கியமான விளைவு உண்டு. ஒரு நிலையில் கற்ற எச்சரிக்கை அடுத்த நிலைக்கு மாறி வராது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கேரன் அடால்ஃப் குழுவினர் இதைப் பலமுறை சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். தவழும்போது விளிம்பைக் கண்டு நின்ற குழந்தை, நடக்கத் தொடங்கிய வாரத்தில் அதே விளிம்பில் காலை வைத்துவிடும். "கட்டில் ஓரம் வந்தால் திரும்பிக்கும், பழகிடுச்சு" என்று நம்பி விட்டுப்போக வேண்டாம். தவழ்ந்தபோது பழகியது தவழ்வதற்கு மட்டும்தான்.

எந்த மாதத்தில் என்ன

உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாட்டுக் குழந்தைகளைக் கண்காணித்து 2006-ல் வெளியிட்ட அளவுகள் இன்றும் நம்பத் தகுந்தவை. நல்ல ஆரோக்கியமான குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஆதரவில்லாமல் உட்காருவது 3.8 முதல் 9.2 மாதம், பிடித்துக்கொண்டு நிற்பது 4.8 முதல் 11.4 மாதம், தவழ்வது 5.2 முதல் 13.5 மாதம், பிடித்துக்கொண்டு நடப்பது 5.9 முதல் 13.7 மாதம், தனியே நிற்பது 6.9 முதல் 16.9 மாதம், தனியே நடப்பது 8.2 முதல் 17.6 மாதம்.

தனியே நிற்பதற்கான இடைவெளி பத்து மாதம் என்பதைப் பாருங்கள். பக்கத்து வீட்டுக் குழந்தை 10 மாதத்தில் நின்றதும் உங்கள் குழந்தை 15 மாதத்தில் நின்றதும் இரண்டுமே சாதாரணம். அதே ஆய்வில் நூற்றுக்கு நான்கு குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலே நடந்திருக்கிறார்கள். ஆகவே தவழவில்லை என்பது மட்டும் குறையாகாது.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குத் திருத்திய வயதைக் கணக்கிடுங்கள். 32 வாரத்தில் பிறந்தால் 8 வாரம் கழிக்க வேண்டும். 12 மாதம் ஆகியிருந்தாலும் 10 மாதக் குழந்தையாகவே எடைபோட வேண்டும். இரண்டு வயது வரை இந்தக் கழிவு பொருந்தும்.

தொடங்குமுன்

வெறுங்கால். இதில் சமரசம் வேண்டாம். டைல்ஸ் தரையில் சாக்ஸ் போட்ட குழந்தை சறுக்கும். தடித்த அடியுள்ள ஷூ போட்டால் பாதம் தரையை உணராது. நடந்தால் கீச்சென்று சத்தம் போடும் ஷூ கல்யாண வீட்டுக்குச் சரி, பழகுவதற்கு அல்ல. பாதம் தட்டையாக இருக்கிறதே என்று பதற வேண்டாம், பாத வளைவு ஆறு வயதுவாக்கில்தான் தெளிவாகத் தெரியும்.

தரை வழுக்காமல் உறுதியாக இருக்கட்டும். பாய், அல்லது மெத்தென்றில்லாத ஜமுக்காளம். தடித்த மெத்தை மேல் முதலில் நிற்கவைக்கக் கூடாது, பாதத்துக்குத் தரை இருக்கும் இடம் தெரியாமல் போகும்.

டயப்பர் கழற்றி. அடால்ஃப் ஆய்வகத்திலேயே பார்த்திருக்கிறார்கள்: டயப்பர் இல்லாமல் நடந்த குழந்தைகள், டயப்பரோடு நடந்ததைவிடக் குறைவாகத் தடுக்கி விழுந்தார்கள். துணி டயப்பரில் நடைதான் மிக மோசம். தொடைகளுக்கு நடுவே மூட்டை இருந்தால் யாருக்கும் கால் அகலத்தான் போகும். கொஞ்ச நேரம் ஈரமானால் துடைத்துக்கொள்ளலாம்.

நேரம், பால் குடித்து அரை மணி கழித்து, தூக்கம் வராதபோது. பத்துப் பத்து நிமிடமாக நாளுக்கு மூன்று நான்கு தடவை. ஒரே மூச்சில் அரை மணி நேரம் செய்தால் அழுகைதான் மிஞ்சும்.

படி 1: உட்கார்ந்த சமநிலை

நிற்பது உட்காருவதில் தொடங்குகிறது. 6 மாதத்துக்கு மேல், கொஞ்சம் உட்காரத் தெரிந்த பிறகு, நாற்காலியில் அமர்ந்து குழந்தையை உங்கள் தொடை மேல் உங்களைப் பார்க்க வையுங்கள். இரு பக்க இடுப்பெலும்பையும் பிடியுங்கள். அக்குளுக்குக் கை போகக் கூடாது. இப்போது உங்கள் குதிகால்களில் ஒன்றை மட்டும் மெல்ல உயர்த்துங்கள், ஐந்து செ.மீ. போதும். மேலே போக மூன்று விநாடி, அங்கே இரண்டு விநாடி, இறங்க மூன்று விநாடி. பக்கத்துக்கு ஐந்து முறை.

இடப்பக்கம் தாழ்ந்தால் தலை நேராக நிற்க வேண்டும், முதுகு வலப்பக்கம் வளைய வேண்டும், வலக்கையும் வலக்காலும் லேசாக விலகித் தூக்கிக்கொள்ள வேண்டும், இடக்கை ஊன்ற இடம் தேட வேண்டும். இது தெரிந்தால் எதிர்வினை இருக்கிறது. குழந்தை மரப்பொம்மை போல அப்படியே சாய்ந்தால் நீங்கள் வேகமாகச் செய்திருக்கிறீர்கள், அல்லது மேலே பிடித்திருக்கிறீர்கள். அவை இரண்டும் இல்லையென்றால் இன்னும் இரண்டு வாரம் பொறுத்துப் பாருங்கள்.

சப்பணம் போட்டு உட்காரவைத்துச் சாய்ந்தாடச் சொல்லிப் பாடுகிறோமே, அதுவும் இதே பயிற்சிதான். குழந்தை தானாக ஆடுகிறது என்பதால் நாம் சாய்ப்பதைவிட மேல்.

காப்பு எதிர்வினையைப் பார்க்க, நெஞ்சுக்கூட்டில் இரு கையாலும் பிடித்துக் குப்புறத் தூக்கி, கட்டிலை நோக்கித் தலைப்பக்கமாக நிதானமாக இறக்குங்கள். 9 மாதக் குழந்தை இரு கைகளையும் நீட்டி விரல்களை விரித்து ஊன்றப் பார்க்கும். இரண்டு கையும் ஒரே மாதிரி வருகிறதா என்பதுதான் விஷயம். ஒரு கை நீண்டு, இன்னொன்று முஷ்டி பிடித்தபடி மடங்கியே இருந்தால், அது ஒருமுறைக்கு மேல் நடந்தால், மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

படி 2: எழுந்து நிற்பதும், முக்கியமாக, இறங்குவதும்

குழந்தையின் நெஞ்சளவு உயரமுள்ள, நகராத ஏதாவது ஒன்று தேவை. 35 முதல் 45 செ.மீ. உயர முக்காலி, திவான், கட்டில் விளிம்பு. பிளாஸ்டிக் ஸ்டூல் வேண்டாம், குழந்தையோடு சேர்ந்து கவிழும். மேலே பிடித்த பொருளை வையுங்கள். முழங்காலிட்ட குழந்தையின் ஒரு பாதத்தை முன்னால் தரையில் ஊன்றவைத்து, அந்தக் காலின் தொடையைக் கீழ்நோக்கி லேசாக அழுத்துங்கள். மறுகை எதிர்ப்பக்க இடுப்பில். குழந்தை கையால் இழுத்து எழுவது குறைந்து காலால் தள்ளி எழுவது கூடினால் முன்னேற்றம். இரு காலையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். எப்போதும் ஒரே காலை ஊன்றி எழுகிறதென்றால் குறித்துவையுங்கள்.

எழுந்த குழந்தைக்கு இறங்கத் தெரியாது. 8, 9 மாதத்தில் நடுராத்திரி தொட்டில் கம்பியைப் பிடித்து நின்று அழும் குழந்தைகளில் பல இதற்காகத்தான் அழுகின்றன. தூக்கிப் படுக்கவைத்தால் அடுத்த நிமிடம் மறுபடி எழும், மறுபடி அழும். பகலில் இறங்கக் கற்றுக்கொடுங்கள்: நிற்கும் குழந்தையின் கால் பக்கத்தில் தரையில் பொம்மையை வைத்து, முழங்காலின் பின்புறம் விரலால் தொட்டு மடக்கி, இடுப்பைப் பிடித்து மெல்ல உட்காரவையுங்கள். நாளுக்குப் பத்து முறை என்றால் பெரும்பாலும் ஒரு வாரம் ஆகும். பாதி வழியில் நிறுத்திக் குந்தும் நிலையில் இரண்டு விநாடி தாமதித்தால் தொடை பலப்படும்.

படி 3: பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்வது

பொம்மையைத் திவானின் மறுமுனைக்கு நகர்த்துங்கள். பக்கவாட்டில் நகரும் ஒவ்வோர் அடியிலும் எடை ஒரு காலுக்குப் போய், மறுகால் விடுபடுகிறது. தனியே நிற்பதற்கான ஒத்திகை இதுதான். இரு பக்கமும் போக வேண்டும். பிறகு இரண்டு சாமான்களை இருபது செ.மீ. இடைவெளியில் போட்டு, வாரத்துக்கு ஐந்தைந்து செ.மீ. தள்ளுங்கள். ஒரு கட்டத்தில் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கக் கை எட்டாது. ஒன்றை விட்டால்தான் மற்றதைத் தொட முடியும். அந்த அரை விநாடிதான் குழந்தை முதன்முதலாகத் தனியே நின்ற நேரம், பெரும்பாலும் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

படி 4: தனியே நிற்பது

இங்கே அவசரப்பட வேண்டாம், நிறையச் செய்ய இருக்கிறது.

முதலில் சுவர். குதிகால் சுவரிலிருந்து ஐந்தாறு செ.மீ. தள்ளி இருக்க, பின்புறம் சுவரில் சாய்ந்து நிற்கட்டும். நீங்கள் முன்னால் ஒரு மீட்டர் தள்ளி, குழந்தையின் கண்மட்டத்தில் உட்காருங்கள். உட்கார்ந்து அசையாமல் இருங்கள். ஏன் அசையக்கூடாது என்பதற்கு ஒரு நல்ல சோதனை உண்டு. 1974-ல் எடின்பரோவில் டேவிட் லீயும் எரிக் அரான்சனும் தரை அப்படியே இருக்க, சுவர்களும் கூரையும் மட்டும் நகரும் ஓர் அறையைத் தொங்கவிட்டார்கள். புதிதாக நிற்கப் பழகிய குழந்தைகளை உள்ளே நிறுத்திச் சுவரைக் கொஞ்சம் அவர்களை நோக்கி நகர்த்தினார்கள். குழந்தைகள் பின்னால் சரிந்தார்கள், சிலர் விழவே செய்தார்கள். தரை அசையவில்லை, யாரும் தொடவில்லை. கண் "நீ முன்னால் சாய்கிறாய்" என்று சொன்னதை உடல் நம்பி, பின்னால் இழுத்துக்கொண்டது.

நிற்பதற்கு மூன்று இடத்திலிருந்து தகவல் வருகிறது: கண், உள்காதில் தலையின் சாய்வை உணரும் வெஸ்டிபுலர் உறுப்பு, பாதமும் மூட்டுகளும். புதிதாக நிற்கும் குழந்தை கண்ணையே பெரிதும் நம்பும். கூட்டமான வீட்டில், பெரிய பிள்ளைகள் ஓடித் திரியும் நடுக்கூடத்தில், தொட்ட ஆளே இல்லாமல் குழந்தை தொப்பென்று உட்கார்ந்துவிடுவதற்கு இது ஒரு காரணம். பழக்கும் நேரத்தில் எதிரே அசையாத ஒன்று இருக்கட்டும்.

சுவரில் பத்து விநாடி நிம்மதியாக நின்றால், இரு கைக்கும் வேலை கொடுங்கள். பெரிய பந்து அல்லது காலியான சம்படம், இரு கையாலும் பிடிக்கும் அளவு. கை ஓய்வாக இருந்தால் எதையாவது பற்றத் தேடும். பந்தைப் பிடித்தபடி நிற்கும் குழந்தை தன்னையறியாமல் முதுகைச் சுவரிலிருந்து எடுத்துவிடும்.

அடுத்து, நடுத் தரையில். குழந்தையின் பின்னால் முழங்காலிட்டு, இடுப்பைப் பிடியுங்கள். நிலையாக நின்றதும் பிடியைத் தொடைக்கு இறக்குங்கள். பிறகு விரல்களைத் தளர்த்தி இரண்டு செ.மீ. விலக்குங்கள், கையை எடுத்துவிடாதீர்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று மெல்லிய குரலில் எண்ணுங்கள். முதல் வாரம் இரண்டு விநாடி வந்தாலே நல்லது. பலத்துக் கைதட்டாதீர்கள், குழந்தையும் கைதட்டப்போய் விழும்.

இப்போது பாதத்தைப் பாருங்கள், முகத்தை அப்புறம் பார்க்கலாம். பின்னால் சாயும்போது கால்விரல்கள் தரையைவிட்டு எழும், கணுக்காலின் முன்பக்கம் ஒரு நரம்பு கயிறு போலப் புடைக்கும். அது உண்மையில் தசைநாண். முன்னால் சாயும்போது விரல்கள் மடங்கித் தரையைக் கவ்வும், நகம் வெளுக்கும். பக்கவாட்டில் சாயும்போது பாதத்தின் ஓரம் அழுந்தும். ஒரு நிமிடத்துக்குள் இவை பத்துப் பதினைந்து முறை மாறி மாறி நடக்கும். அசையாமல் நிற்பது போலத் தெரியும் குழந்தையின் பாதம் ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கும். இந்தச் சின்னத் திருத்தத்துக்குக் கணுக்கால் உத்தி என்று பெயர். சாய்வு கூடினால் இடுப்பை மடக்கித் திருத்தும், அது இடுப்பு உத்தி. அதற்கும் மிஞ்சினால் ஓரடி எடுத்துவைத்துப் பிடித்துக்கொள்ளும், அது அடிவைப்பு உத்தி. பெரியவர் நிற்கும் தரை திடீரென்று நகர்ந்தால் கணுக்கால் தசை ஏறத்தாழ பத்தில் ஒரு விநாடிக்குள் இறுகத் தொடங்கி, அங்கிருந்து தொடைக்கும் உடம்புக்கும் வரிசையாக ஏறும். குழந்தைக்கு இந்த வரிசை முதலில் குழப்பமாக இருக்கும், நின்று பழகப் பழக ஒழுங்குக்கு வரும்.

சில பயிற்சிமுறைகளில் குழந்தையைத் தோளில் தட்டித் தள்ளிச் சமநிலை பழக்குகிறார்கள். வீட்டில் அதை விட்டுவிடலாம். எட்ட வைப்பது அதைவிட நல்லது. குழந்தையின் கை நீளத்துக்கு மூன்று நான்கு செ.மீ. அப்பால் பொம்மையை நீட்டுங்கள்: நேர் எதிரே, பக்கத்தில், தோளுக்கு மேலே, முழங்கால் மட்டத்தில். எட்டும் முன்பே உடல் எடையைச் சரிசெய்துகொள்ளப் பழகுகிறது, இது தள்ளும்போது கிடைக்காத பாடம். குனிந்து தரையிலிருந்து எடுத்து மறுபடி நிமிர்ந்தால் இந்தப் படி முடிந்தது.

எங்கே பிசகுகிறது

அதிகம் நடக்கும் பிசகு, இரு கையையும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து நடத்துவது. எடை முன்னால் சாய்ந்து நுனிக்காலுக்குப் போகிறது, திருத்தும் வேலையை உங்கள் கை செய்கிறது. எத்தனை மணி நேரம் செய்தாலும் குழந்தைக்குக் கிடைப்பது அடி எடுக்கும் பழக்கம் மட்டுமே. நமக்கு முதுகுவலி. கையைப் பிடிக்கத்தான் வேண்டுமென்றால் குழந்தையின் தோளுக்குக் கீழே, ஒரு கை, அதிலும் ஒரு விரல்.

அடுத்தது வாக்கர். உட்காரும் பட்டையில் தொங்கியபடி நுனிக்காலால் உந்தும் குழந்தைக்குச் சாய்வதும் இல்லை, மீள்வதும் இல்லை, தன் பாதமே கண்ணில் படுவதில்லை. நடையை விரைவுபடுத்துவதற்குப் பதில் தள்ளிப்போடும். படிக்கட்டில் உருண்டு தலையில் அடிபடும் ஆபத்தும் உண்டு. கனடா 2004-ல் இதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. பரிசாக வந்திருந்தால் பரணில் போடுங்கள்.

மரத்தாலான நம்மூர் நடைவண்டி வேறு சாதி. குழந்தை தன் காலில் நின்று, தானே தள்ளுகிறது. குறை ஒன்றே: மொசைக் தரையில் ஓடிவிடும், பிடித்திருக்கும் குழந்தை குப்புற விழும். கீழ்ச்சட்டத்தில் இரண்டு மூன்று கிலோ மணல்பையைக் கட்டுங்கள், சக்கரத்தில் துணிப்பட்டை சுற்றுங்கள். ஒரு கையால் மட்டும் பிடித்து நிற்கத் தெரிந்த பிறகு கொடுத்தால் போதும்.

விழுவதைப் பற்றி. அடால்ஃப் குழுவினர் 12 முதல் 19 மாதக் குழந்தைகள் விளையாடுவதை எண்ணிப் பார்த்தபோது, மணிக்குச் சராசரி 2,368 அடி வைத்து 17 முறை விழுந்தார்கள். 2012-ல் வந்த ஆய்வு அது. பெரும்பாலான விழுகை தொப்பென்று உட்காருவதுதான். ஒவ்வொரு முறையும் ஓடிப்போய்த் தாங்கினால், காப்பு எதிர்வினைக்கு வேலை இல்லாமல் போகும். மேசை முனை, படிக்கட்டு, தண்ணீர் வாளி மூன்றையும் அப்புறப்படுத்துங்கள். மற்றபடி விழட்டும்.

கால்களை W போல மடக்கி உட்காருவதைப் பற்றி இணையத்தில் மிகையாகப் பயமுறுத்துகிறார்கள். நடுநடுவே அப்படி உட்கார்ந்தால் ஒன்றுமில்லை. வேறு எப்படியும் உட்கார முடியவில்லை என்றால்தான் காட்ட வேண்டும்.

படி 5: நடக்கத் தொடங்கிய பிறகு

புது நடையில் கால் அகன்று, கை தோள்மட்டத்துக்குத் தூக்கியிருக்கும், பாதம் தட்டையாகப் பதியும். சில மாதத்தில் கை இறங்கும், கால் நெருங்கும். ஒன்றரை வயதுவாக்கில் குதிகால் முதலில் பதியத் தொடங்கும். 15-ம் மாதத்தில் நடந்த குழந்தையை 16-ம் மாதத்தில் பார்த்து "தள்ளாடுகிறதே" என்று கவலைப்பட வேண்டாம், நடை வயதை வைத்தே எடைபோடுங்கள்.

இந்தக் கட்டத்தில் தரையை மாற்றுங்கள். புல், கடற்கரை மணல், சரிவு, வாசற்படி, விரித்த மெத்தை. ஒவ்வொன்றும் பாதத்துக்கு வேறு செய்தி தரும். இரண்டு வயதில் பந்தை உதைப்பது ஒற்றைக்கால் சமநிலையின் ஆரம்பம். இரு காலும் சேர்த்துக் குதிப்பது இரண்டு, இரண்டரையில் வரும். மூன்றில் மாற்றுக்கால் வைத்துப் படியேறும், நான்கில் அப்படியே இறங்கும், நான்கையொட்டி நொண்டி அடிக்கும்.

ஒற்றைக்கால் நிற்பதை அளக்க: வெறுங்கால், கை இடுப்பில், கண்மட்டத்தில் சுவரில் ஒரு பொட்டு. தூக்கிய கால் தரையைத் தொடும்வரை அல்லது கை இடுப்பைவிட்டு எடுக்கும்வரை எண்ணுங்கள். ஒரு காலுக்கு மூன்று முயற்சி, சிறந்ததைக் குறியுங்கள். மூன்று வயதில் இரண்டு மூன்று விநாடி, நான்கில் ஐந்து வரை, ஐந்தில் எட்டுப் பத்து, ஆறுக்கு மேல் பத்துக்கு மேல் என்பது தோராயக் கணக்கு. இரு காலுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

நான்கு முதல் ஆறு வயதுக்குள் சில குழந்தைகளின் சமநிலை முன்பைவிடத் தடுமாறுவது போலத் தெரியும். 1985-ல் ஷம்வே-குக், வுல்லகாட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இதைப் பதிவு செய்தார்கள். இந்த வயதுக் குழந்தைகளின் தசை எதிர்வினை ஒரே சீராக இல்லை, 7 முதல் 10 வயதில் பெரியவரைப் போல ஆகிறது. கண் ஒன்று சொல்லிப் பாதம் வேறு சொன்னால் எதை நம்புவது என்று மூளை தரம்பிரிக்கக் கற்கும் காலம் இது. மடித்த போர்வை மேல் கண்ணை மூடி நிற்கச் சொன்னால் ஐந்து வயதுக் குழந்தை வெகுவாக ஆடும், ஒன்பது வயதுக் குழந்தை சமாளிக்கும். வெஸ்டிபுலர் பகுதி முதிர்வதோ பதின்ம வயது வரை நீளும்.

இந்த வயதுக்குப் பாண்டி ஆட்டத்துக்கு மேல் ஒரு பயிற்சியைச் சொல்ல முடியாது. ஒற்றைக்காலில் தாவி, கோட்டை மிதிக்காமல் நின்று, குனிந்து சில்லை எடுத்து, திரும்பித் தாவ வேண்டும். காசு கொடுத்துச் சேரும் வகுப்புகளில் தருவது எல்லாம் சாக்பீஸ் கோட்டுக்குள் இருக்கிறது.

காட்ட வேண்டிய அறிகுறிகள்

12 மாதம் முடிந்தும் பிடித்துக்கொண்டு நிற்காதது. 17 மாதம் ஆகியும் தனியே நிற்காதது. 18 மாதம் ஆகியும் நடக்காதது. ஒரு வயதுக்கு முன்பே ஒரே கையை மட்டும் பயன்படுத்துவது. ஒரு பக்கக் கால் விறைப்பாக இழுபடுவது. நடை பழகிப் பல மாதம் ஆகியும் எப்போதும் நுனிக்காலிலேயே நடப்பது. கற்ற திறனை இழப்பது, இதற்கு எந்த வயதிலும் காத்திருக்கக் கூடாது.

18 மாதத்தில் நடக்காத ஆண் குழந்தைக்கும், மூன்று நான்கு வயதில் தரையிலிருந்து எழும்போது கையைத் தன் தொடை மேலேயே ஊன்றி ஏறுவது போல எழும் பையனுக்கும், சிகே என்ற ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு வரும், தசை மெல்ல வலுவிழக்கும் மரபு நோயான டுஷேன் தசைச் சிதைவை முன்கூட்டியே பிடிக்க அது உதவும். கழுத்து நிற்பதும் எழுந்து நிற்பதும் தாமதமாகி, காதும் சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றினால் இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேட்கும் உறுப்பும் சமநிலை உறுப்பும் உள்காதில் ஒட்டி இருப்பவை.

நன்றாக நடந்த குழந்தை திடீரென்று தள்ளாடினால் அது அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம். வீட்டில் யாருடைய மாத்திரையையோ இருமல் மருந்தையோ எடுத்து விழுங்கியிருக்கலாம். அண்மையில் அம்மை வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். காலையில் தலைவலி, வாந்தி, கூடவே தள்ளாட்டம் என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

தமிழ்நாட்டில் மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இயங்கும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்தைக் கேளுங்கள், பரிசோதனையும் பிசியோதெரபியும் இலவசம். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனமும் இருக்கிறது.

போகும்போது செல்போனில் மூன்று துண்டு வீடியோ எடுத்துப் போங்கள், ஒவ்வொன்றும் அரை நிமிடம்: வெறுங்காலோடு முன்னிருந்து நடப்பது, பக்கத்திலிருந்து நடப்பது, தரையில் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுவது. பாதம் படத்தில் தெரிய வேண்டும். மருத்துவர் அறையில் குழந்தை உங்கள் தோளைவிட்டு இறங்காது.